கடைசி மூன்று ஆல்பங்கள்

"முதல்ல பாட்டைப் போடுங்க. அப்புறம் என் காதைப் பத்திப் பேசலாம்" என்று பெரியவர் மூன்று சிடிக்களை மேசைமேல் வைத்தார். வைத்தார் என்பதைவிட, துருப்புச்சீட்டு இறக்குவதுபோல் இறக்கினார் என்பதே சரி.

காது பரிசோதனைக்கு வருகிறவர்கள் பழைய மருந்துச் சீட்டைக் கொண்டுவருவார்கள். இவர் கொண்டுவந்ததோ நாற்பது வருஷப் பழசான ஒரு ராக் குழுவின் கடைசி மூன்று ஆல்பங்கள். ஒரு பாட்டே இருபது நிமிஷம் ஓடும், நடுவில் நாலு தடவை தாளம் மாறும், அந்த ரகம்.

"கல்யாணமான நாள்லேர்ந்து இந்தக் குழுதாம்மா எனக்குச் சக்களத்தி" என்றாள் அவர் மனைவி. "ஒரு பாட்டு முடியறதுக்குள்ள உலை வெச்சு இறக்கிடலாம்."

காது நிபுணர் சிரித்துவிட்டாள். சின்ன வயசுக்காரி; கல்லூரி நாளிலிருந்து அவளுக்கும் அந்தக் குழு என்றால் பைத்தியம்.

"நானும் இவங்க ரசிகைதான் சார். ஆனா பதினொண்ணாவது ஆல்பத்தோட விட்டுட்டேன்."

"அட, அதுக்கப்புறம்தானேம்மா விஷயமே இருக்கு! பன்னிரண்டாவது கொஞ்சம் மங்கல்தான், ஒத்துக்கறேன். பதிமூணாவது தேவலை. பதினாலாவது இருக்கே, வைரம்! அந்தப் பித்தளைத் தட்டு, சிம்பல், அதோட ஒவ்வொரு அடியும் தனித்தனியா விழும்."

"எனக்கு அப்படியே தலைகீழ் சார். பன்னிரண்டாவதைப் பொறுத்துக்கலாம். பதிமூணாவது காது கூசும். பதினாலாவது, அலமாரியிலேர்ந்து எவர்சில்வர் தட்டெல்லாம் சரிஞ்சு விழற மாதிரி இருக்கு. மெட்டெல்லாம் அருமை, கேக்கத்தான் முடியலை. ரசிகர்கள் பாதிப் பேர் ஓடிட்டாங்க. குழுவையே கலைச்சுட்டாங்க, பாவம்."

பெரியவரின் முகம் சுண்டிப்போனது. "ஜனங்களுக்குக் காது இல்லைன்னா அதுக்கு யார் என்ன பண்ண முடியும்?"

வாதம் வேண்டாம் என்று அவள் பதினாலாவதைச் சுழலவிட்டாள். சிம்பல் சத்தம் அறையைக் கீறியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பெரியவரோ கண்ணை மூடி ரசித்தார். அவருடைய இரண்டு விரல்கள் மேசை விளிம்பில் எதையோ மெல்ல மேலே தள்ளுவதுபோல் நகர்ந்தன. வயசானவர்களுக்கு இப்படி ஏதாவது ஒரு பழக்கம் இருக்கும் என்று அவள் விட்டுவிட்டாள்.

பரிசோதனைக்காக அவரைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்ததும், மனைவி குரலைத் தாழ்த்தினாள்.

"அவருக்குக் காது போயிட்டிருக்குன்னு எனக்கு எப்பவோ தெரியும்மா. கூட வேலை பார்த்தவங்களுக்கும் தெரியும். பெரிய மனுஷர், பூனைக்கு யார் மணி கட்டறது? எல்லாரும் வாயை மூடிக்கிட்டோம்." சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பரிசோதனை முடிந்தது. காகிதத்தில் கோடு நேராகப் போய், கடைசியில் சறுக்குமரம்போல் இறங்கியிருந்தது.

"பேச்சு நல்லா கேக்குது சார். கூர்மையான சத்தம்தான் போயிடுச்சு. பறவைச் சத்தம், சிம்பல் இதெல்லாம் உங்களுக்குப் பாதிகூட வராது. இது ஒரே நாள்ல வர்றதில்லை, வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா இறங்கியிருக்கு."

"சும்மா சொல்லாதீங்கம்மா! அந்தக் காது மெஷினை மாட்டுங்க. மாட்டினாலும் பதினாலாவதுதான் உசத்தின்னு காட்டறேன். இல்லைன்னா என் காது போச்சுன்னு நானே ஒத்துக்கறேன், போதுமா?"

"பாட்டு வேண்டாங்க" என்று மனைவி அவசரமாகக் குறுக்கிட்டாள். "நான் ஏதாவது பேசறேன், அதைக் கேட்டுப் பாருங்க."

"நீ பேசறதைத்தான் இத்தனை வருஷமா கேக்கறேனே!"

அவள் அவர் தோளைத் தொட்டாள். அவர் தட்டிவிட்டார். பிடிவாதத்தில் அந்த மனிதரை மிஞ்ச ஆளில்லை. அவளும் என்னதான் செய்வாள்?

கருவி காதில் ஏறியது. பெரியவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். காகிதம் சரசரப்பது, மின்விசிறியின் கிறீச், மனைவி மூக்கை உறிஞ்சுவது என ஒவ்வொன்றையும் தேடித் தேடிக் கேட்டார். குழந்தைபோல் சிரித்தார்.

"நீ அழறியா என்ன? சரி சரி. போடுங்கம்மா பதினாலாவதை!"

நிபுணர் போட்டாள்.

முதல் சிம்பல் அடியிலேயே அவர் காதைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. "பதிமூணு" என்றார். அதையும் போட்டாள். "பன்னிரண்டு." அதையும் போட்டாள். பிறகு பாட்டை நிறுத்தினாள்.

ஜெயித்த சந்தோஷத்தில் அவள் ஆறுதலாகப் பேசினாள். "பாத்தீங்களா சார், நான் சொன்னேன்ல? வாசிச்சவங்க பேர்ல தப்பே இல்லை. பாழாப்போனது மிக்ஸிங்லதான். எந்த வாத்தியம் எவ்வளவு கேக்கணும்னு ஏத்தி இறக்குவாங்களே, அதுல சிம்பலை ஏத்தித் தொலைச்சுட்டாங்க."

பெரியவர் அவளைப் பார்க்கவில்லை. மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினார்.

"மூணையும் இப்படியேவாடி மிக்ஸிங் பண்ணி அனுப்பிட்டேன்?"