ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்

"ஜெபம் பண்ணிட்டேன் பிரதர். இதுல எதுவும் எனக்கில்ல."

தையல்காரம்மா சீட்டை நீட்டினாள். ஆறு பொறுப்புகள், ஆறு கட்டங்கள். ஒன்றில்கூட டிக் இல்லை.

சபைச் செயலாளருக்குச் சுருக்கென்றது. ஆராதனை முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்ததால் சிரித்து வைத்தார்.

அது போதகரின் புது ஏற்பாடு. இந்த வருஷம் யாரும் கேட்ட உடனே தலையாட்டக் கூடாது. சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் ஜெபித்து, எதற்கு மனதில் சம்மதம் கிடைக்கிறதோ அதில் மட்டும் டிக் போட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சபையில் 'ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்' என்றால் 'ஆளை விடுங்க' என்று எல்லாருக்கும் தெரியும். ஒரே வாரத்தில் பாதிப் பேருக்குப் பரலோகத்திலிருந்தே லீவு கிடைத்துவிட்டது.

செயலாளர் அப்படிப்பட்டவர் இல்லை. சீட்டு கைக்கு வந்த நிமிஷமே, பெஞ்சின் முதுகில் வைத்து, போதகரின் பேனாவையே இரவல் வாங்கி, ஆறிலும் டிக் போட்டுக் கொடுத்தவர்.

"ஏன் சிஸ்டர், ஞாயிறு பள்ளி எடுக்கலாமே? பிள்ளைங்கன்னா உங்களுக்குப் பிடிக்குமே."

"பிடிக்கும். ஆனா வியாழக்கிழமை சாயந்தரம் ஆசிரியர் கூட்டம் இருக்கும்ல?"

"சரி, பாட்டுக் குழு?"

"செவ்வாய் பயிற்சி. முடியாது பிரதர்."

"நோயாளிகளைப் பார்க்கப் போற குழு? அதுக்காவது வரலாம்ல?"

"அதுவும் வியாழக்கிழமைதானே."

"செவ்வாயும் வியாழனும் அப்படி என்ன தலைபோற வேலை? தைக்கிறதைப் புதன்கிழமை தைச்சா மிஷின் ஓடாதா?"

அவள் விரலில் ஊசி குத்தின இடத்தைத் தடவிக்கொண்டு நின்றாள்.

செயலாளருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்க. என் வீட்டுக்காரி ஒன்றரை வருஷமா படுத்த படுக்கை. ஒரு பக்கம் கை கால் விளங்காது. ஆயாம்மா அஞ்சு மணிக்குக் கிளம்பிடுவாங்க. கூட்டம் இருக்கிற நாள்ல நான் வீடு போய்ச் சேர ஒன்பது ஆயிடும். அதுவரைக்கும் அவ தனியாத்தான் கிடக்கா. அப்படியிருந்தும் ஆறு பொறுப்பைத் தூக்கிச் சுமக்கிறேன். ஒண்டிக்கட்டை, உங்களுக்கு ஒண்ணுகூடவா முடியாது?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் 'உச்' கொட்டினார்கள். தனக்காகத்தான் கொட்டுகிறார்கள் என்பதில் செயலாளருக்குச் சந்தேகமே இல்லை.

"நீங்க ஜெபம் பண்ணிட்டுத்தான் எடுத்தீங்களா பிரதர்?" தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"இதுக்கு எதுக்கு ஜெபம்? கர்த்தரோட வேலையைச் செய்யட்டுமான்னு கர்த்தர்கிட்டயே கேக்கறதா?"

அவள் தலையசைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் 'மறுப்பு' என்று எழுதினார். போன வருஷமும் இதே மறுப்புதான். வியாழக்கிழமை கமிட்டியில் இதைப் பேசிவிட வேண்டியதுதான். எதற்கும் தோள் கொடுக்காதவர்களுக்கு ஜெபக் குழுவில் மட்டும் என்ன இடம்?

வியாழக்கிழமை வந்தது. கமிட்டி கூடி உட்கார்ந்த பிறகு போதகருக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. அன்றைய மற்றக் கூட்டங்களும் ரத்து என்றார்கள்; எல்லாரும் ஐந்தே நிமிஷத்தில் கலைந்தார்கள்.

மணி ஆறரைகூட ஆகவில்லை. செயலாளருக்கு அந்த நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. பேசத் தயார் பண்ணி வைத்திருந்ததெல்லாம் வீணாய்ப் போனது. சுற்று வழியாகவே நடந்தார். உண்மையைச் சொன்னால், வெளிச்சம் இருக்கும்போது மனைவி படுத்திருக்கும் அறைக்குள் நுழைய அவருக்குப் பயம். ஒன்பது மணிக்குப் போனால் அவள் தூங்கியிருப்பாள்.

வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே யாரோ சிரிக்கும் சத்தம். அது தன் மனைவியின் சிரிப்பு என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கட்டில் ஓரத்தில் தையல்காரம்மா உட்கார்ந்திருந்தாள். விளங்காத அந்தக் கையைத் தன் மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஸ்டூலில் ஊட்டி முடித்த கிண்ணம். தரையில், மாற்றி எடுத்த படுக்கை விரிப்பு சுருண்டு கிடந்தது.

"நீங்க... எப்படி உள்ள?"

தையல்காரம்மா எழுந்துகொண்டாள். "நைட்டிக்கு அளவெடுக்க ஒருநாள் வந்தேன்ல பிரதர், அப்ப இவங்கதான் சொன்னாங்க. சாவி மீட்டர் பெட்டிக்குள்ள இருக்கும்னு."

"எத்தனை நாளா வர்றீங்க?"

"வருஷம் தாண்டிடுச்சு. செவ்வாயும் வியாழனும்."

வருஷம் தாண்டி. மனைவியின் நகம் வளராததை அவர் ஒருநாள்கூடக் கவனித்ததில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சிஸ்டர்."

"சொன்னா ஞாயிற்றுக்கிழமை ஆராதனை அறிக்கையில வாசிச்சிடுவீங்க. விரிப்பு மாத்துறதெல்லாம் சபைக்குத் தெரிஞ்சா இவங்களுக்குக் கூச்சமா இருக்கும்."

செயலாளரின் கையிலிருந்த பைக்குள் அந்தப் பட்டியல் இருந்தது. பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார். வெட்கமாக இருந்தது.

படுத்திருந்தவள் மெல்லத் தலையைத் திருப்பிக் கணவனைப் பார்த்தாள். முகத்தில் மிச்சமிருந்த சிரிப்பு நின்றது.

"கூட்டம்... இல்லையா?" வாய் ஒரு பக்கம் இழுக்க, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"இல்லம்மா. சீக்கிரம் வந்துட்டேன். இனிமே நான் இருக்கேன்."

அவள் முகம் வாடியது. நல்ல கையை நீட்டி, தையல்காரம்மாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நீ... போயிடுவியா?"