தனித் தட்டு

நோய்க்குப் பயந்து மாதக்கணக்கில் அடைத்துவைத்த அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டைத் திறந்து வேலைக்காரர்களை மறுபடி உள்ளே விட்ட அன்று, பூங்காவனம் ஐந்தாம் மாடி வீட்டின் பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, பால்கனி மூலையில் தனக்கென்று ஒதுக்கியிருந்த அலுமினியத் தட்டை எடுத்தாள். அது நடுவில் குழிந்து அடி கிழிந்திருந்தது.

"இன்னாம்மா, என் தட்டு இப்டி நசுங்கிக் கெடக்குது?"

"அதுவா?" வீட்டுக்கார அம்மா வத்சலாவுக்கு முகம் மலர்ந்தது. "நோய் நேரத்துல உங்கள மாதிரி உழைக்கறவங்களுக்கு நன்றி சொல்ல எல்லாரும் பால்கனில நின்னு தட்டு தட்டினோம். எங்க தட்டு நசுங்கிடுமேன்னு உன்னோடத எடுத்தேன். கரண்டியால அந்த அடி அடிச்சேன்! உங்க தெருவுக்கே கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சும்மா. அன்னிக்குத்தான் எங்க தெருவத் தகரம் வெச்சு அடச்சாங்க. ஆணி அடிக்கிற சத்தம்னு நெனச்சிட்டேன்."

வத்சலா எட்ட நின்றபடியே ரசம் சோற்றை அந்தத் தட்டில் சரித்தாள். கிழிசல் வழியே ரசம் ஒழுகியது.

"தரையில சிந்தாம சாப்பிடு."

பூங்காவனம் கிழிசலை இடது உள்ளங்கையால் அடைத்துக்கொண்டாள். ரசம் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தது.