பூட்டு அம்மா

‘சொல்லிவிட்டால் என்ன? ஒரே ஒரு பெயர். அதைச் சொன்னால் இந்தச் சிரிப்பு அப்படியே அடங்கிவிடும்.’

நாடாளுமன்றத்தில் அதிகாரிகளுக்கான மேல்மாட வரிசையில் உட்கார்ந்திருந்த அவள், உதட்டை இறுக்கிக்கொண்டாள். நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு அவள்தான் செயலாளர். அந்தக் குழுவின் நேர்காணல்களை இனி வெளிப்படையாக்க வேண்டும் என்று மசோதா கொண்டுவந்து, கீழே நின்று பேசிக்கொண்டிருந்த எதிர்க்கட்சி உறுப்பினருக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் இடிமுழக்கம்.

“அடுத்த நீதிபதி யாருன்னு கேட்டா ரகசியம். யாரையெல்லாம் கூப்பிட்டீங்கன்னு கேட்டா அதுவும் ரகசியம். கூப்பிட்டுட்டு என்ன கேட்டீங்க? அது பரம ரகசியம்!” அவர் கை மேலே நீண்டது. “அதோ உட்கார்ந்திருக்காங்க பாருங்க, பூட்டு அம்மா! அவங்க வாயைத் திறக்கணும்னா சாவி செய்யற ஆளைத்தான் கூட்டிட்டு வரணும்!”

சபை குலுங்கியது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மடியிலிருந்த கைபேசி ஒளிர்ந்தது. மகளின் குறுஞ்செய்தி.

“அம்மா, டிவியில உன்னைத்தான் காட்டறாங்க. தலையை ஒழுங்கா வாரிட்டுப் போயிருக்கக்கூடாதா?”

கோபம் வருகிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். கோபம் இல்லை, அரிப்புதான் இருந்தது. இரண்டு கையிலும் பை இருக்கும்போது மூக்கு அரிப்பதைப் போல.

அழைக்கப்பட்டவர் யாரென்று வெளியே தெரிந்தால், தேர்வாகாதவரைப் பார்த்து ஊரே சிரிக்கும். அதனால் நேர்காணலுக்கு வருகிறவர்களைப் பின்வாசல் வழியாகத்தான் வரச் சொல்வார்கள். குழுவினரும் அவளும் வந்தவரும் தவிர வேறு யாரும் அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. அங்கே பேசியது ஒலிப்பதிவாகி, அவளுடைய இரும்பு அலமாரிக்குள் போய்விடும்.

இடிமுழக்கம் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். “அது நேர்காணலா, போலீஸ் விசாரணையா? ஜன்னலுக்கு எதிரே ஒரு நாற்காலி. உட்கார்ந்தா வெயில் நேரா கண்ணுல அடிக்குது. கேள்வி கேக்கறவங்க மூஞ்சியே தெரியாது. நீதி சொல்லப் போறவனுக்கே இந்தக் கதியா?”

மறுபடியும் சிரிப்பு. வெயில் விஷயம் உண்மைதான். ஜன்னலுக்குத் திரை கேட்டு அவளும் வருஷக்கணக்கில் எழுதிப்போட்டுக்கொண்டிருக்கிறாள்.

‘சொல்லிவிடலாமா?’ நாக்கு நுனிக்கே வந்துவிட்ட பெயரை எச்சிலோடு விழுங்கினாள். எழுந்து கத்த வேண்டியதுகூட இல்லை. வெளியே டீ குடிக்கும் நிருபர் ஒருவரிடம் முணுமுணுத்தால் போதும்.

சட்ட அமைச்சர் எழுந்தார். மனிதர் குறும்புக்காரர்.

“உறுப்பினர் இவ்வளவு ஆசைப்படறார். இனிமே வர்றதை மட்டும் எதுக்குத் திறக்கணும்? பழைய ஒலிப்பதிவு மொத்தத்தையும் சேர்த்தே திறந்துடுவோம். அந்தத் திருத்தத்தோட மசோதாவுக்கு நாங்களும் சரி. என்ன சொல்றீங்க?”

எதிர்க்கட்சி வரிசை மேசையைத் தட்டியது. பழக்கதோஷத்தில் இடிமுழக்கமும் படபடவென்று தட்டினார். திடீரென்று அவர் கை மட்டும் காற்றில் நின்றது. வாயைத் திறந்தார். அதற்குள் சபாநாயகர், “ஏகமனதாக நிறைவேறியது” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் அவள் தன் அறையில் அலமாரியைத் திறந்து, ஒலிப்பதிவுகளை வெளியே எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கதவு தட்டும் சத்தம் கேட்டது. இடிமுழக்கம் உள்ளே வந்தார். கதவை அவரே சாத்தினார். தாழ்ப்பாளும் போட்டார்.

“வெளியில யாரும் இல்லையேம்மா?”

“இல்லீங்க ஐயா. உட்காருங்க.”

சபையை அதிர வைத்த குரலைக் கேட்க இப்போது அவள் முன்னால் குனிய வேண்டியிருந்தது.

“காலையில பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க. அது சும்மா மேடைப் பேச்சு.”

“நல்லாத்தான் பேசினீங்க. என் பொண்ணு இப்பவே போன்ல பூட்டு அம்மான்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டா.”

அவர் சிரிக்க முயன்றார். “ஒரு சின்ன உதவி. எல்லாத்தையும் திறங்க. ஜனநாயகத்துக்கு நல்லதுதான். ஒரே ஒரு பதிவு மட்டும்... எங்கேயோ கைதவறிப் போச்சுன்னு...”

“எந்தப் பதிவுங்க?”

அவளுக்குத் தெரியும். ஆனால் பெயரை முதலில் உச்சரிப்பது தானாக இருக்கக் கூடாது என்று இப்போதும் நினைத்தாள்.

“உங்களுக்குத் தெரியாதா? நான் அரசியலுக்கு வர்றதுக்கு முன்னாடி, வக்கீலா இருந்தப்போ...” வெயில் அடிப்பதைப் போல அவர் கண்ணைச் சுருக்கினார். “அந்த நாற்காலியில நானும் உட்கார்ந்தேனேம்மா. முதல் கேள்வியே, இதெல்லாம் ரகசியமா இருக்கணுமான்னுதான் கேட்டாங்க. நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?”

இருந்தது. ‘ரகசியம் இல்லேன்னா மானமுள்ளவன் எவனும் இந்தப் படி ஏறமாட்டான்.’ மேசையைத் தட்டித்தான் சொன்னார். அப்போதும் குரல் கணீரென்றுதான் இருந்தது.

நாக்கில் இருந்த அரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. அவரைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. குடிக்கத் தண்ணீர் ஊற்றி அவர் பக்கம் நகர்த்திவிட்டு, அடுக்கி வைத்த பதிவுகள்மேல் மெல்லக் கையை வைத்தாள்.

“முடியாதுங்க ஐயா. இன்னிக்குக் காலை வரைக்கும் உங்க ரகசியம் பத்திரமாத்தான் இருந்துச்சு.”