ஃப்ரிட்ஜின் லைன்

ஒரு வீட்டில் ஒரு ஃப்ரிட்ஜ் இருந்தது. மீட்டர் பெட்டியிலிருந்து அதற்கென்று ஒரு தனி லைன். பதினெட்டு வருஷமாக அதில் ஓடி, பாலையும் மாவையும் கெடாமல் காத்தது.

அந்த வீட்டுக் கூடத்தில் பாட்டுக் கேட்க ஒரு ஆம்ப்ளிஃபையர் வந்து சேர்ந்தது. முதல் நாளே மூக்கைச் சுளித்தது.

"பாட்டுக்கு நடுவுல 'ங்ங்ங்'னு ஒரே இரைச்சல். எல்லாம் இந்தக் கிழத்தாலதான். எனக்குச் சுத்தமான கரண்டு வேணும். அதோட லைனை எனக்குக் குடுங்க."

"அடேய், நேத்து வந்தவனே! நீ பாடலைன்னா யாருக்கும் பசிக்காது. நான் நின்னா பால் திரிஞ்சிடும்டா!" என்று ஃப்ரிட்ஜ் கத்தியது.

வீட்டுக்காரர் காதில் அது விழவேயில்லை. எலெக்ட்ரீஷியன் வந்தான். ஃப்ரிட்ஜின் லைனைப் பிடுங்கிக் கூடத்துக்கு இழுத்தான். ஃப்ரிட்ஜை மிக்சியும் இஸ்திரிப் பெட்டியும் இருந்த லைனில் தள்ளிவிட்டான்.

"வாங்கண்ணே, இடிச்சுக்கிட்டு உக்காரலாம்" என்றது மிக்சி.

ஃப்ரிட்ஜுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் காலை மூன்றும் ஒன்றாக ஓடின. சுமை தாங்காமல் டிரிப் சுவிட்ச் படக்கென்று விழுந்தது. சமையலறையே அடங்கிப்போயிற்று. ஃப்ரிட்ஜுக்குள் பால் குளிர் விட்டுக்கொண்டிருந்தது. கூடத்தில் மட்டும் பாட்டு. நடுநடுவே அதே 'ங்ங்ங்'.

"நான்தான் செத்துக் கிடக்கேனே! இப்ப இரையறது யாருடா?" என்று சீறியது ஃப்ரிட்ஜ்.

ஆம்ப்ளிஃபையர் கொஞ்சமும் கூசவில்லை.

"பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ். அதையும் பிடுங்கச் சொல்லுங்க" என்றது.