சந்திரசேகரனின் முதல் பதிவு

"கையைப் பாக்கெட்டிலேருந்து எடுங்க அண்ணா! எல்லாரும் தம்ஸ் அப் காட்டுறாங்க. நீங்க மட்டும் கோவிச்சுக்கிட்ட மாப்பிள்ளையாட்டம் நின்னா எப்படி?"

கைப்பேசியைக் கண்ணுக்கு நேரே பிடித்தபடி தீபிகா கூவினாள்.

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் தொழிற்சாலை நடத்திவந்த சந்திரசேகரன் ஊர் அறிந்த முதலாளி. ஆனால் உலகம் அறியாத முதலாளி. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் தீபிகா அமர்த்தப்பட்டிருந்தாள். லிங்க்ட்இன்னில் அவருக்குப் பக்கம் திறந்தாயிற்று. கோட்டு அணிந்த படம் ஏற்றியாயிற்று. தொலைநோக்காளர், மனிதநேயர் என்று பட்டங்களும் சூட்டியாயிற்று. முதல் பதிவுக்குத் தொழிலாளர்களோடு ஒரு படம் மட்டுமே பாக்கி.

மூன்றாம் எண் பிரஸ் இயந்திரத்தின் முன்னால் வரிசை நின்றது. காலையில் வாடகைக்கு வந்த மஞ்சள் தலைக்கவசங்கள், மாலையில் திரும்பிப் போகவேண்டிய பளபளப்போடு தலைகளில் இருந்தன. எல்லோருடைய வலக்கைகளும் உயர்ந்திருக்க, ஓரத்தில் நின்ற நாகேஷின் வலக்கை மட்டும் கால்சட்டைப் பையை விட்டு வரவில்லை.

"ஏன் எடுக்கலன்னு சாரைக் கேளுங்க மேடம்," என்றார் நாகேஷ்.

சந்திரசேகரன் சிரித்தார். "பழைய யூனியன் ஆளும்மா. போட்டோவுக்குக்கூடக் கொடி புடிச்சுட்டுதான் வருவான்."

"அப்போ இவரை விட்டுட்டு எடுத்துடலாமா சார்?"

"நோ, நோ! வேற யாரு இல்லாட்டியும் பரவால்ல, நாகேஷ் இருக்கணும். என் கூடவே வளர்ந்த ஆளு."

முதலாளியின் பாசம் தீபிகாவை உருக்கியது. அதை ஒரு வாசகமாகவே மனத்துக்குள் எழுதிக்கொண்டாள்.

"ஹோக்லி, போகட்டும், விடும்மா அவரை," என்றாள் எல்லம்மா கன்னடம் கலந்து. நாகேஷை பேக்கிங் பகுதிக்கு மாற்றியபின், அந்த மூன்றாம் எண் இயந்திரத்தை ஓட்டுகிறவள் அவள்தான்.

"நீங்க பேசாதீங்கம்மா, படம் ஆடுது," என்ற தீபிகாவின் பார்வை இயந்திரத்தின் மீது விழுந்தது. "ஐயே, அந்தப் பட்டன் மேல என்ன கறுப்பா டேப்பு? பார்க்கவே அசிங்கமா இருக்கு சார்."

அந்த இயந்திரத்துக்கு இரண்டு பொத்தான்கள். இரு கைகளாலும் இரண்டையும் ஒருசேர அழுத்தினால்தான் மேலிருந்து இரும்பு இறங்கும். கைகள் பொத்தானில் இருக்கும்வரை அவற்றுக்கு ஆபத்து இல்லை. ஆனால் வேலை மெதுவாக நடக்கும். ஒரு பொத்தானை டேப் ஒட்டி அமுக்கிவிட்டாலோ, ஒரு கை தகட்டை நகர்த்தும், மறு கை அழுத்தும், உற்பத்தி பெருகும். மனிதனின் கையைக் காக்க மனித அறிவு கண்ட ஏற்பாட்டை, ஒரு முழ டேப்பால் வென்றுவிட்டது ஆதாயம்!

"லாயிட், அதைப் பிச்சுப் போடுப்பா," என்று வரிசையில் நின்ற இளம் தொழிலாளியிடம் சொன்னார் சந்திரசேகரன்.

"பிச்சது பிச்சதாவே இருக்கட்டும் சார்," நாகேஷின் குரல் உயர்ந்தது. "இனிமே ஒட்ட மாட்டேன்னு இவங்க முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க. எல்லம்மா ரெண்டு பொண்ணுங்களை வெச்சுக்கிட்டு இருக்கா. நீங்க சொன்னா, நான் கையை எடுக்கிறேன்."

"எனக்கே கண்டிஷனா? நாளையிலேருந்து நீ கேட்டுக்கு வெளியதான் நிப்பே."

"நிக்கிறேன் சார். அப்போ போட்டோவுல யாரு நிப்பா?"

சந்திரசேகரனின் முகத்தில் சிரிப்பு ஒரு கணம் அறுந்து, மறுகணம் ஒட்டிக்கொண்டது.

"சரிப்பா. இனிமே ஒட்ட மாட்டோம். ப்ராமிஸ். போதுமா?"

நாகேஷ் வலக்கையை வெளியே எடுத்து உயர்த்தினார். தொலைவில் நின்ற தீபிகாவுக்கு இறுகிய முஷ்டிதான் தெரிந்தது.

"அண்ணா, தம்ஸ் அப் கேட்டேன்! இது என்ன ஸ்ட்ரைக்கா?"

"என் கைக்கு இவ்வளவுதாம்மா வரும்."

வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"எடும்மா, எடு," என்று சந்திரசேகரன் அவசரப்படுத்தினார். "மீதியை அப்புறம் சரி பண்ணிக்கலாம்."

அலுவலக அறையில் படத்தை விரித்துப் பெரிதாக்கிய தீபிகா, திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"சார்... இது..."

"சாப்ட்வேர்ல என்ன வேணா முடியும்னு நீதானே சொன்னே?"

அவளுக்கு அவர்தான் முதல் வாடிக்கையாளர்.

"முடியும் சார்," என்றாள் தலையைக் குனிந்துகொண்டு.

உணவு இடைவேளை முடிந்தது. லாயிட் புது டேப்போடு இயந்திரத்தை நெருங்கியபடி நாகேஷிடம் சொன்னான்.

"சாயந்தரம் லாரி வருதாம் அண்ணா. சார் ஒட்டச் சொல்லிட்டாரு. நான் என்ன பண்ணட்டும்?"

எல்லம்மாவின் கை இரும்புக்குக் கீழே போயிற்று, வந்தது, மறுபடியும் போயிற்று. கொடுத்த வாக்கு பிற்பகல்வரைகூட உயிர் வாழவில்லை!

"பதிவு போட்டாச்சாம். எல்லாரும் லைக் போடணுமாம்," என்று லாயிட் தன் கைப்பேசியை நாகேஷிடம் நீட்டினான்.

'எங்கள் தொழிலாளர்களின் கரங்களே எங்கள் செல்வம். இந்த ஆலையில் இன்றுவரை ஒரு விபத்தும் இல்லை' என்று முழங்கியது பதிவு. முன்பின் அறியாத கனவான்கள் எங்கெங்கிருந்தோ கட்டை விரல் உயர்த்தி வாழ்த்தியிருந்தார்கள்.

நாகேஷ் படத்தை உற்றுப் பார்த்தார். நான்கு மாதங்களுக்கு முன் இதே மூன்றாம் எண் இயந்திரம் நசுக்கித் தின்ற அவருடைய வலக்கைக் கட்டை விரல், அந்தப் படத்தில் மட்டும், நகக்கண்கூடப் பழுதில்லாமல் நிமிர்ந்து நின்றது.