மேல்தட்டுப் பெட்டி

"ஸ்டாக் இல்லம்மா" என்றார் ஸ்டோர் தீர்த்தகிரி.

சுப்ரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் தலைக்கு நேர் மேலே, மேல்தட்டில், 'ஃபெரைட் கோர் - 6' என்று கொட்டை எழுத்தில் எழுதிய அட்டைப்பெட்டி ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. மனிதர் கூசாமல் இல்லை என்கிறார்.

"அண்ணா, அந்தப் பெட்டி?"

"அது குடுக்கறதுக்கில்ல."

"ஏன்?"

"குடுக்கறதுக்கில்லன்னா விடேன்மா."

பெட்டியில் சரக்கு இருப்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். வெள்ளிக்கிழமை இவர் டீக்குப் போயிருந்த நேரத்தில் அவளே இறக்கி எண்ணிப் பார்த்திருக்கிறாள். எட்டி இழுத்ததில் பெட்டி கொஞ்சம் வேகமாகவே தரைக்கு வந்து சேர்ந்தது. ஆனால் ஆறு கோரும் ஒரு கீறல் இல்லாமல் முழுசாக இருந்தன. பழையபடி மேலே வைத்துவிட்டாள்.

நாளை காலை பதினோரு மணிக்கு பெங்களூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மின் ஸ்கூட்டருக்கு அவள் செய்த சார்ஜரை ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் டிரெயினி சுப்ரியா நிரந்தர ஊழியர் ஆவாள். ஓடாவிட்டால் சொந்த ஊரான சேலத்துக்கு பஸ்.

உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கு, கம்பிச்சுருளின் நடுவில் வைக்கிற கோர் அமையாததுதான் தொல்லை. இரும்புத் தகடு அடுக்கிய கோரைப் போட்டாள், தோசைக்கல்லாகச் சுட்டது. இரும்புத்தூள் வளையம் போட்டாள், அதுவும் கொதித்தது. இந்த வேலைக்கு மென்காந்தம் வேண்டும். கரண்ட் வந்தால் காந்தமாகி, கரண்ட் திரும்பினால் பழசையெல்லாம் மறந்து தானும் திரும்ப வேண்டும். நொடிக்கு லட்சம் தடவை திரும்பும் கரண்டுக்குச் சூடாகாமல் ஈடுகொடுப்பது ஃபெரைட்தான்.

தீர்த்தகிரி அந்த ரகம் இல்லை போலிருக்கிறது. போன மாத மீட்டிங்கில் 'ஸ்டோரில் ஒரு ஸ்க்ரூ வாங்க அரை நாள் ஆகிறது' என்று அவள் சொன்னதை இன்னும் மறக்கவில்லை!

அவர் மேஜை டிராயரைத் துழாவி, பழைய மெஷினிலிருந்து கழற்றிய, இரண்டு பாதியாகச் சேரும் ஒரு ஃபெரைட் கோரை எடுத்தார். பசையும் தூசியும் அப்பியிருந்தது. இரண்டு பாதியையும் தனித்தனியாகக் காதருகே வைத்து, விரலால் சுண்டிப் பார்த்தார். சந்தையில் தேங்காய் பொறுக்குகிற தோரணை.

"இத்த எடுத்துக்கினு போ. நல்லா துடைச்சிட்டுப் போடு."

சுப்ரியா முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கிப் போனாள்.

"மேல்தட்டுல புதுசு இருக்கு, எனக்குக் குப்பையக் குடுக்கறாரு! சும்மா விடப் போறதில்லக்கா" என்று பக்கத்து டேபிள் நிர்மலாவிடம் பொரிந்து தள்ளினாள்.

மதுரைக்காரியான நிர்மலா சால்டரிங்கிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "ஏன்டி, வந்தமா வேலையப் பாத்தமான்னு இருக்க மாட்டியா? போன வருசம் டிரெயினி சுபாஷ் பேரு டேமேஜ் ரிஜிஸ்டர்ல ஏறுச்சு. அம்புட்டுத்தான், வேலை நிரந்தரமாகறது ஒரு வருசம் தள்ளிப்போச்சு. உனக்கு எதுக்கு ஸ்டோரோட வம்பு?"

மறுநாள் சார்ஜர் ஒரு மணி நேரம் ஓடியது. பெங்களூர்க்காரர் டிரான்ஸ்ஃபார்மரைத் தொட்டுப் பார்த்து, "சென்னாகிதே!" என்று கன்னடத்தில் பாராட்டிவிட்டுப் போனார். 

சுப்ரியாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சூட்டோடு மேனேஜர் குருமூர்த்தியிடம் போய் நின்றாள்.

"சார், ஸ்டோர்ல புது கோர் இருந்தும் தீர்த்தகிரி அண்ணன் குடுக்கல. வேணும்னே ஒளிச்சு வெக்கறாரு."

குருமூர்த்தி சிரித்தார். "குடுத்திருந்தா இன்னிக்கு மானம் போயிருக்கும். அந்த ஆறும் கீழ விழுந்ததும்மா. ஃபெரைட் பீங்கான் மாதிரி, உள்ளுக்குள்ள முடி மாதிரி விரிசல் விட்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. சுண்டிப் பாத்தா நல்லது 'கிணிங்'னும், விரிசல் விட்டது 'டொக்'குனும்."

"யார் சார் கீழ போட்டது?"

"அவரேதான். கை தவறிப் போச்சுன்னு சனிக்கிழமை ரிஜிஸ்டர்ல எழுதி, மெமோவும் வாங்கிக்கிட்டாரு. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல முதல் மெமோ, பாவம்."

சுப்ரியாவுக்கு ஒரே நேரத்தில் வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது. எத்தனை கெடுபிடி பண்ணுகிற மனுஷன், வெள்ளிக்கிழமை அவள் பார்த்தபோது முழுசாக இருந்ததை மறுநாள் தானே போட்டு உடைத்துவிட்டு அந்தக் கோபத்தை அவளிடம் காட்டியிருக்கிறார்! போகட்டும், அவர் பொறுக்கிக் கொடுத்த கோர்தானே மானத்தைக் காப்பாற்றியது. ஒரு பாக்கெட் மைசூர்பாகோடு ஸ்டோருக்குப் போனாள்.

"அண்ணா, டெமோ சூப்பர். உங்க பழைய கோர்தான் ஜெயிச்சுது."

"தெரியும். சுண்டினப்பவே சொல்லிச்சு" என்று ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"உங்களத் தப்பா நெனச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க. ஆனா பாத்துண்ணா, இனிமே நீங்களும் பெட்டிய எறக்கறப்ப கவனமா எறக்குங்க. மெமோ எல்லாம் உங்களுக்குத் தேவையா?"

"சரிம்மா" என்றார் தீர்த்தகிரி பவ்யமாக.

அவள் வாசல் தாண்டப் போகும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"நீயும் அடுத்த வாட்டி நான் டீக்குப் போறப்ப வந்தீன்னா, அந்த ஸ்டூலப் போட்டு ஏறி எடும்மா. அப்படி எட்டி எட்டி இழுத்தா, பெட்டி விழாம என்ன பண்ணும்?"