மருமகளோட பவுடர் டப்பா

"அத்தை! என் டப்பாவுக்குள்ள என்ன பண்றீங்க?"

சமையல்கட்டு வாசல்ல மருமக நிக்குறா. மைதானத்துலேர்ந்து அப்பத்தான் வந்தா, ஷூகூடக் கழட்டலை. உள்ளே மாமியார். ஒரு கையில கரண்டி. இன்னொரு கையில மருமகளோட பவுடர் டப்பா.

"ஒண்ணுமில்லம்மா. மூடி லூசா இருந்துச்சு. இறுக்கலாம்னு..."

"கரண்டியாலயா இறுக்குவாங்க?"

மாமியார் கரண்டியை முதுகுக்குப் பின்னாடி கொண்டு போனாங்க. போயி என்ன பிரயோஜனம்? மிக்ஸியை எங்க ஒளிக்கிறது? அதுல வறுத்த வேர்க்கடலை பாதி அரைஞ்சு கெடக்கு. பக்கத்துல பால் பவுடர், சர்க்கரை. கலருக்குக் கொஞ்சம் கோகோ.

மருமகளுக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு.

"இதையா என் டப்பாவுல போட்டு வைக்கிறீங்க? எத்தனை நாளா?"

"முதல் நாள்லேர்ந்து"ன்னாங்க மாமியார், ஏதோ அடுப்புகிட்ட ரகசியம் சொல்ற மாதிரி.

"என்னங்க! ஓடி வாங்க! உங்கம்மா பண்ணியிருக்கிற வேலையைப் பாருங்க!"

பாதி மூஞ்சி ஷேவிங் நுரையோட ஓடி வந்தான் புருஷன். "யாரு விழுந்தா? யாரு விழுந்தா?"

"நான்தான் விழுந்தேன்! நாளைக்கு ஃபைனல்! நானூறு மீட்டர்! ஜெயிச்சா நாட்டு டீம்ல இடம். அதுக்குத்தானே மூணு மாசமா நாக்கு தள்ள ஓடுறேன்? ஓடி முடிச்சா கால் ரெண்டும் கல்லாட்டம் இறுகிப் போகுது. உடம்பு தேறணும்னு கோச் தேடிப் புடிச்சுக் குடுத்த பவுடருங்க அது. இவங்க என்னன்னா எனக்குக் கடலையைக் கரைச்சுக் குடுத்திருக்காங்க!"

அப்படியே இடுப்புல கையை வச்சு, மூக்கால கோச் மாதிரியே பேசிக் காட்டினா. "'ஓடி முடிச்ச அரை மணிக்குள்ள ரெண்டு கரண்டி! அப்பத்தான் தசை ரிக்கவர் ஆகும்! இல்லேன்னா மறுநாள் நீ ஓட மாட்டே, தவழுவே!' இப்ப நான் தவழ வேண்டியதுதானா?"

"நீதான் தவழலையேம்மா" மாமியார் மெதுவா எடுத்து விட்டாங்க. "போன வாரம்கூட ஒரு செகண்டு குறைஞ்சிடுச்சுன்னு இந்தக் கூடத்துலயே குதிச்சே."

"அது பவுடரால!"

"எந்தப் பவுடரால?"ன்னு கேட்டுட்டான் புருஷன்.

கேட்டிருக்கக் கூடாது. மருமக பார்த்த பார்வையில மூஞ்சியில இருந்த நுரையே காஞ்சு போச்சு.

"சரி அத்தை, இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. டப்பா டப்பாவா வந்துச்சே, அந்தப் பவுடரெல்லாம் எங்க போச்சு?"

மாமியார் வாயைத் திறந்தாங்க. போன் அடிச்சுது. கோச்!

ஸ்பீக்கர்ல போட்டா மருமக. "சார், இங்க ஒரு அநியாயத்தைக் கேளுங்க..."

"நீ பேசாதே! நான் சொல்றதைக் கேளு!" கோச் குறுக்கே பாய்ஞ்சாரு. "அந்தப் பவுடரை லேப்ல சோதிச்சிருக்காங்க. தடை பண்ணின மருந்து கலந்திருக்காம். டப்பாவுல ஒரு வரிகூடப் போடலை பாவிங்க! நாளைக்கு நீ ஓடி முடிச்சதும் டெஸ்ட் எடுப்பாங்க. மாட்டினா நாலு வருஷம் மைதானத்துப் பக்கமே வர முடியாது. விசாரிக்காம குடுத்தது என் தப்பும்மா. உன் பேரை வாபஸ் வாங்கிடறேன்."

மருமக சுவத்துல சாஞ்சுட்டா. கண்ணுல தண்ணி முட்டுது. மிக்ஸியைப் பார்த்தா. டப்பாவைப் பார்த்தா. மறுபடியும் மிக்ஸியைப் பார்த்தா.

"சார்! வாபஸ் வாங்காதீங்க! அதை நான் ஒரு கரண்டிகூடக் குடிக்கலை!"

"என்கிட்டயே புளுகாதே. உன் கால் தேறினதை என் கண்ணால பார்த்தேன். பவுடர் எப்படி வேலை செய்யுது பாருன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்!"

"அது கடலை சார்! வேர்க்கடலை! எங்க அத்தை டப்பாவுல மாத்தி வச்சுட்டாங்க! முதல் நாள்லேர்ந்து!"

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுற சத்தம்.

"கடலையா?"

"கடலை, பால் பவுடர், சர்க்கரை, கோகோ!"

"கடலையா!" கோச் போட்ட கூச்சல்ல போனே அதிர்ந்துச்சு. "நாளைக்கு நீ ஓடுறே! உங்க அத்தையை எனக்கு அசிஸ்டெண்டா அனுப்பி வை!"

அவ்வளவுதான். மருமக மாமியாரை அலாக்காத் தூக்கி ஒரு சுத்து சுத்தினா. கரண்டி எங்கயோ பறந்துச்சு. புருஷன் விசிலடிச்சு மிச்ச நுரையை எல்லார் மேலயும் தெளிச்சான்.

"திட்டினதை மனசுல வச்சுக்காதீங்க அத்தை. அது ஆகாத சரக்குன்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

மாமியார் தலைமுடியை ஒதுக்கிட்டு, மேடையில மைக் முன்னாடி நிக்கிற மாதிரி தொண்டையைக் கனைச்சாங்க.

"மூடியைத் திறந்தப்பவே மூக்கு சொல்லிடுச்சும்மா. கண்ட கண்ட கருமத்தை என் மருமக வயித்துக்குள்ள போக விட்டுடுவேனா? அதான் சத்தம் போடாம என் கையாலயே அரைச்சு வச்சேன்."

"கேட்டீங்களா? உங்கம்மா தங்கங்க! அத்தை, நாளைக்கு நீங்க முதல் வரிசையில உக்காரணும், சொல்லிட்டேன்!" மருமக ஆடிக்கிட்டே குளிக்கப் போனா.

பாத்ரூம் கதவு சாத்தின சத்தம் கேட்டதும், மாமியார் மகன் காதைப் பிடிச்சுப் பக்கத்துல இழுத்தாங்க.

"டேய், முட்டி வலிக்கு நல்லதுன்னு மூணு மாசமா அந்தப் பவுடரை நான்தான்டா குடிக்கிறேன். முதல் வரிசையில உக்காந்திருக்கிறவங்களுக்கும் டெஸ்ட் எடுப்பாங்களா?"